போக் ஒயில் கசிந்தால் உடனே சீல் மாற்றாதீர்கள்

ஹட்டனில் சின்னதாகப் பைக் ஷொக் திருத்தும் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன், சனி ஞாயிறில் ரேஸ் ஓடுவேன், அதனால் திங்கள் காலையில் ஸ்டாண்டில் ஏறும் முதல் பைக் என்னுடையதுதான். தியத்தலாவை மண்ணில் ஓடிவிட்டு வந்தால் முன் போக்கின், அதாவது முன் சில்லைத் தாங்கும் ஷொக்கின், குழாயில் ஒயில் வளையம் கட்டியிருக்கும். பல நேரம் ஒயிலை உள்ளே தடுத்து வைக்கும் ரப்பர் சீல் கிழிந்திருக்காது, அதன் உதட்டில் மண் துகள் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். வெளியே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை நகர்த்திவிட்டு, பழைய எக்ஸ்ரே பிலிமில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரத்தில் சின்னக் கொக்கி மாதிரி செதுக்கி, குழாய்க்கும் சீலுக்கும் நடுவில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள், கறுப்பாக மண் வரும். துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைப் பத்துத் தடவை கீழே அமுக்கிப் பாருங்கள்.

அப்புறமும் கசிகிறதா? குழாயில் நகத்தை ஓட்டுங்கள். எங்காவது தட்டினால் அது துருக்குழி, மலைநாட்டு ஈரத்துக்குச் சும்மா நிற்கும் பைக்கிலும் வரும். அதைச் சரிசெய்யாமல் போட்டால் புதுச் சீலும் கிழியும். எதுவானாலும் கசிவோடு ஓடாதீர்கள், ஒயில் பிரேக் பேடில் இறங்கினால் றம்பொடை வளைவில் பிரேக் பிடிக்காது.