கல்யாண வீடியோவுல பாட்டி பேச்சும் கெட்டிமேளமும்: சவுண்ட் லெவல்ல நாம பண்ற தப்புகள்

கல்யாண வீடியோவை வீட்லயே எடிட் பண்ணி குடும்ப குரூப்ல போட்டா மொத கம்ப்ளைன்ட் இதுதான், பாட்டி வாழ்த்துறது கேக்கவே மாட்டேங்குது, சரின்னு வால்யூமை ஏத்துனா அடுத்த சீன்ல கெட்டிமேளம் வந்து காதைக் கிழிக்குது.

உடனே எல்லாரும் பண்றது என்னன்னா மொத்த ஆடியோவுக்கும் பீக் நார்மலைஸ் போடறது, அதாவது உச்ச சத்தம் ஒரு எல்லையைத் தொடற வரைக்கும் எல்லாத்தையும் ஒரே அளவுல ஏத்தறது. அது சராசரி சத்தத்தைப் பாக்காது, இருக்கறதுலயே உச்சமான ஒரே ஒரு புள்ளியைத்தான் பாக்கும். தவில் அடி ஏற்கனவே 0 டெசிபல்கிட்ட, அதாவது டிஜிட்டல் ஆடியோவோட உச்ச எல்லைகிட்ட நிக்குதுன்னா பாட்டி குரல் ஒரு இம்மிகூட ஏறாது. கிளிப்பைத் தனியா வெட்டிப் போட்டாலும், பாட்டி பேசறப்போ பக்கத்துல யாரோ டம்ளரைக் கீழ போட்டிருந்தா அந்த "டங்"தான் உச்சம், கதை முடிஞ்சுது. அதனால மொதல்ல அந்த டங்கை மட்டும் வெட்டி இறக்குங்க, அப்புறம் பேச்சோட உச்சம் மீட்டர்ல -12லேர்ந்து -6 டெசிபலுக்குள்ள வர்ற மாதிரி கிளிப் கிளிப்பா கெயினை (கிளிப்போட சத்த அளவை) சரி பண்ணுங்க. ஆடாசிட்டிங்கற இலவச ஆடியோ எடிட்டர்ல லவுட்னஸ் நார்மலைசேஷன்னு தனியா இருக்கு, காது உணர்ற சத்தத்தை அளக்கறது அதுதான். யூடியூப்ல போடறதா இருந்தா -14 எல்யுஎஃப்எஸ் (காது உணர்ற சத்தத்தோட அலகு) பக்கம் வைங்க, அதுக்கு மேல போனா அவங்களே குறைச்சிடுவாங்க, கம்மியா இருந்தா ஏத்தித் தர மாட்டாங்க.

இன்னொண்ணு, குரலை ஏத்துனா ஃபேன் சத்தமும் கூடவே ஏறும். நாய்ஸ் ரிடக்‌ஷனை லேசா போடுங்க, முழுசா இழுத்து விட்டா பாட்டி கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிடும், எனக்கு அதைவிட கொஞ்சம் ஃபேன் சத்தமே மேல்.

தவில் ரெக்கார்ட் ஆகும்போதே சத்தம் எல்லை மீறி அலை மேல தட்டையா வெட்டுப்பட்டிருந்தா எவ்வளவு குறைச்சாலும் அந்தக் கரகரப்பு போகாது, அடுத்த தடவை மேளக்காரங்ககிட்டேர்ந்து தள்ளி நின்னு எடுங்க. அதுக்காக கெட்டிமேளத்தை கம்ப்ரசர் (ஓங்கின சத்தத்தை மட்டும் அமுக்கற எஃபெக்ட்) போட்டு நசுக்கி பேச்சு அளவுக்குக் கொண்டு வந்துடாதீங்க, தாலி கட்டற நேரம் அது, கொஞ்சம் ஓங்கித்தான் கேக்கணும்.

பேச்சுக்கு அடியில பாட்டு போட்டா 15, 20 டெசிபலாவது கீழ இருக்கட்டும், வரிகள் இல்லாத வெறும் இசைன்னா இன்னும் நல்லது. எடிட் பண்றப்போ கம்ப்யூட்டர் வால்யூமை நடுவுல மாத்தவே மாத்தாதீங்க, மாத்தினா எது கிளிப்போட சத்தம் எது ஸ்பீக்கரோட சத்தம்னு காதுக்குத் தெரியாது. கடைசியா ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவை ஓட விட்டுப் பாருங்க, சொந்தக்காரங்க எல்லாரும் அதுலதான் பாப்பாங்க.