இரு கற்றை ஹாலோகிராம்: லீத்–உபட்னீக்ஸ் முறையில் எடுப்பது எப்படி

1947-ல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் இயற்பியலாளர் டென்னிஸ் கேபர், பொருளை முப்பரிமாணமாகக் காட்டும் ஒளிப்பதிவான ஹாலோகிராமை யோசித்தபோது லேசர் கிடையாது, பாதரச விளக்குதான் இருந்தது. பொருளில் சிதறிய ஒளியும் நேராக வந்த ஒளியும் ஒரே திசையில் ஒளிப்படத் தகட்டில் விழுந்ததால், உருவத்தின் மேலேயே அதன் இரட்டையும் வந்து படிந்து குழப்பியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேடார் ஆய்வில் இருந்த எம்மெட் லீத்தும் ஜூரிஸ் உபட்னீக்ஸும் 1962-ல் இதை அவிழ்த்தார்கள். பொருளில் படாமல் தகட்டுக்கு வரும் ஒளியை, அதாவது ஒப்பீட்டுக் கற்றையை, சாய்த்துக் கொண்டுவந்தால் இரண்டு உருவங்களும் வேறு வேறு திசையில் பிரிந்துவிடும். 1964-ல் அவர்கள் காட்டிய பொம்மை ரயில் ஹாலோகிராம் இப்படி எடுத்ததுதான்.

தேவையானவை: 5 மில்லிவாட் ஹீலியம்-நியான் லேசர், கற்றையை இரண்டாகப் பிரிக்கும் பீம் ஸ்ப்ளிட்டர், முன்பக்கம் பூச்சுள்ள இரண்டு கண்ணாடிகள், கற்றையை விரிக்க இரண்டு 10எக்ஸ் மைக்ரோஸ்கோப் லென்ஸ்கள், தகடு தாங்கி, கனமான மேசை. விரித்த ஒளியில் வளையங்களும் புள்ளிகளும் தெரிந்தால் லென்ஸின் குவியத்தில் 25 மைக்ரான் துளை வையுங்கள். விரிக்காத கற்றை கண்ணில் படவே கூடாது.

632.8 நானோமீட்டர் சிவப்பொளியில் இரு கற்றைகளும் 30 டிகிரியில் சந்தித்தால், தகட்டில் விழும் குறுக்கீட்டுப் பட்டைகளின் (இரு கற்றைகள் கலந்து உண்டாக்கும் ஒளி-இருள் கோடுகளின்) இடைவெளி சுமார் 1.2 மைக்ரான். அதாவது மில்லிமீட்டருக்கு 800-க்கும் மேல். சாதாரண பிலிம் இதற்கு ஆகாது. அன்று கோடக் 649எஃப் தகடு. இன்று பிஎஃப்ஜி-01 போன்றவை. பட்டைகள் சிறிது நகர்ந்தாலும் எல்லாம் அழிந்துவிடும். படம் பதியும்போது இரு கற்றைகளின் பாதை வித்தியாசம் 60 நானோமீட்டருக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் வேலை மேசை. தடித்த கிரானைட் பலகையை, பாதி காற்றடித்த டயர் டியூப்களின் மேல் வையுங்கள். அதே லேசரால் பலகையின் மேல் ஒரு மைக்கல்சன் குறுக்கீட்டுமானி (கற்றையைப் பிரித்து மறுபடி சேர்த்துப் பட்டைகளைக் காட்டும் அமைப்பு) அமைத்து, பட்டைகளைச் சுவரில் விழச் செய்யுங்கள். மின்விசிறி, ஏசி எல்லாம் அணைத்தபின் அரை நிமிடம் பட்டைகள் அசையாமல் நின்றால் மேசை தேறியது. ஊர்ந்தால் காற்றோட்டம் அல்லது வெப்பம், துடித்தால் அதிர்வு.

பொருள் கனமான, வெளிர் நிற, உறுதியான ஒன்றாக இருக்கட்டும். உலோக பொம்மை நல்லது. துணி, செடி, காகிதம் வேண்டாம். அடியில் சூடான பசை வைத்து ஒட்டுங்கள்.

ஸ்ப்ளிட்டரில் இருந்து தகடு வரை இரண்டு பாதைகளும் சம நீளம் இருக்க வேண்டும். ஒரு நூலை எடுத்து, ஸ்ப்ளிட்டர், கண்ணாடி, பொருள், தகடு என்று ஒரு பாதையை அளந்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலால் ஒப்பீட்டுக் கற்றையின் பாதையை அளந்து, 1 செ.மீ.க்குள் வரும்வரை கண்ணாடியை நகர்த்துங்கள். சின்ன லேசர்களின் ஓரியல் நீளம் (பட்டைகள் உண்டாக அனுமதிக்கும் பாதை வித்தியாசம்) குறைவு என்பதால் இதில் கறாராக இருப்பது நல்லது.

அடுத்து ஒளியின் விகிதம். பொருள் ஒளியை எல்லாத் திசையிலும் வாரி இறைப்பதால், லேசரின் 90 சதவீதத்தைப் பொருளுக்கே அனுப்ப வேண்டியிருக்கும். தகடு இருக்கும் இடத்தில் மீட்டரை வைத்து, ஒவ்வொரு கற்றையையும் மாற்றி மாற்றி மறைத்து அளவெடுங்கள். அங்கே ஒப்பீட்டுக் கற்றை பொருள் கற்றையைப் போல் 4 மடங்கு இருக்கட்டும். பிஎஃப்ஜி-01-க்குச் சதுர செ.மீ.க்கு 100 மைக்ரோஜூல் வேண்டும். இரண்டும் சேர்ந்து சதுர செ.மீ.க்கு 20 மைக்ரோவாட் என்றால் 5 வினாடி.

லேசரை அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். மங்கலான பச்சை விளக்கில், பூச்சுப் பக்கம் பொருளைப் பார்க்கும்படி தகட்டைப் பொருத்தி, 10 நிமிடம் கைபடாமல் விடுங்கள். லேசரை மறைத்த கருப்பு அட்டையை முதலில் மேசையிலிருந்து ஒரு விரற்கடை மட்டும் தூக்கி, ஒளி மறைந்தபடியே 10 வினாடி பிடியுங்கள். பிறகுதான் முழுவதும் விலக்க வேண்டும். மூச்சு, பேச்சு, நடை எதுவும் கூடாது.

ஜேடி-2 டெவலப்பர்: ஏ கரைசலில் ஒரு லிட்டருக்குக் கேட்டகால் 20 கிராம், அஸ்கார்பிக் அமிலம் 10, சோடியம் சல்ஃபைட் 10, யூரியா 75. பி கரைசலில் ஒரு லிட்டருக்குச் சோடியம் கார்பனேட் 60 கிராம். பயன்படுத்தும்போது மட்டும் சம அளவு கலந்து 2 நிமிடம். தகடு நன்றாகக் கறுக்கும். 3 நிமிடம் கழுவி, ப்ளீச்சில் (லிட்டருக்குப் பொட்டாசியம் டைகுரோமேட் 5 கிராம், சோடியம் பைசல்ஃபேட் 80) தெளியும்வரை வைத்து, மறுபடி கழுவிக் காயவிடுங்கள். டைகுரோமேட் புற்றுநோய் தரும் நஞ்சு. கையுறை கட்டாயம், சாக்கடையில் கொட்டவும் கூடாது. கேட்டகாலும் தோலுக்கு ஆகாது.

பார்க்க, தகட்டைப் பழைய இடத்திலேயே வைத்து ஒப்பீட்டுக் கற்றையை மட்டும் விடுங்கள். பொருளை எடுத்துவிட்டாலும் தகட்டின் பின்னால் அது அங்கேயே நிற்கும்.

எதுவுமே தெரியாவிட்டால் தகடோ கண்ணாடியோ நகர்ந்திருக்கிறது. மேசைப்பரப்பு தெரிந்து பொருள் மட்டும் கருநிழலாக நின்றால் ஒட்டு சரியில்லை. பொருளின் முன்பாதி பளிச்சென்றும் பின்பாதி இருண்டும் இருந்தால் பாதை நீளத்தைச் சரிபாருங்கள். படம் முழுக்க மரரேகை போல் கோடுகள் ஓடினால், ஒளி தகட்டின் கண்ணாடிக்குள்ளேயே எதிரொளித்திருக்கிறது. ஒப்பீட்டுக் கற்றையின் முனைவாக்கம் (ஒளியலை அதிரும் திசை) படுதளத்தில் (கற்றையும் தகட்டின் செங்குத்துக் கோடும் அமையும் தளத்தில்) இருக்கும்படி லேசரைத் திருப்பி, படுகோணத்தை (செங்குத்துக் கோட்டிலிருந்து கற்றை சாயும் கோணத்தை) 56 டிகிரிக்கு அருகே வைத்தால் கோடுகள் பெரும்பாலும் போய்விடும். அப்போது பட்டைகள் இன்னும் நெருங்கும். பிஎஃப்ஜி-01 அதையும் தாங்கும்.