வேலூரில் பேய்க் குறும்படம் திரையிட: முதலில் இருட்டு வேண்டும்

போன மே மாதம் சத்துவாச்சாரியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை எடுத்து ஒன்பது குறும்படங்கள் போட்டோம். நாலு அறிவியல் புனைவு, ஐந்து பேய். மூன்றாவது படம் முழுக்கக் கிணற்றுக்குள் நடக்கிற கதை. பன்னிரண்டு நிமிடமும் திரையில் சாம்பல் நிற மூட்டம்தான். பேய் வந்ததே யாருக்கும் தெரியவில்லை, பின்னணிச் சத்தத்தை வைத்துத்தான் ஊகித்தார்கள். எடுத்த பையனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. டிசம்பரில் அதே மண்டபத்தில் அதே படத்தை மறுபடி போட்டோம், கூட்டம் அலறியது. நடுவில் கற்றதுதான் இது.

1. படம் சேர்ப்பது

கூகுள் படிவம் போதும். கோப்பு எம்பி4, எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), ஃபுல் எச்டி. டிரைவ் இணைப்பாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தால் நசுங்கிப்போய் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். பின்னணி இசை யாருடையது என்று படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். பொதுத் திரையிடல் என்றால் தணிக்கைச் சான்றிதழ் கேள்வி வரும். விழாக்களுக்கு விலக்குக் கேட்டு ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. இடம்

எல்லாரும் கோட்டை என்பார்கள். அகழி ஓரம் பேய்ப்படம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முதல் விழாவுக்கு அந்த ஆசை வேண்டாம், மண்டபமே போதும்.

3. இருட்டு

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ப்ரொஜெக்டருக்குத் தெம்பு இல்லை என்று நினைத்தேன். வாடகைக்கு விடுகிறவரும், "அஞ்சாயிரம் லூமென்ஸ் எடுத்துக்குங்க சார்" என்றார் (லூமென்ஸ் என்பது ப்ரொஜெக்டர் எறிகிற வெளிச்சத்தின் அளவு). எடுத்தேன். அதே மூட்டம், இப்போது இன்னும் பளிச்சென்று.

ப்ரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் எறிய முடியும், கறுப்பை எறிய முடியாது. படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தில் நமக்குத் தெரிவது வெறும் வெள்ளைத் திரை. வென்டிலேட்டர் வழியாக வருகிற தெருவிளக்கு அதில் விழுந்தால் அது சாம்பல்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சினிமாத் தியேட்டருக்கான அளவு 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சாதாரண வெள்ளைத் திரையில் சதுர அடிக்கு 14 லூமென்ஸ். 12 அடி அகலத் திரை 16:9 விகிதத்தில் 81 சதுர அடி. இரண்டையும் பெருக்கினால் 1,134 லூமென்ஸ். முழு இருட்டில் நிஜமான 3,000 ஆன்சி லூமென்ஸ் (தர விதிப்படி அளந்த லூமென்ஸ்) தாராளம். (ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் குட்டி டப்பாக்களின் மேல் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.)

ஆக, காசை இருட்டுக்குச் செலவழியுங்கள். வென்டிலேட்டரை நீலத் தார்ப்பாயால் மூடினேன், மண்டபமே நீலமாகிவிட்டது. அப்புறம் வேர்க்கடலைக்காரர் ஒருவர் சொல்லி விவசாயக் கடையில் மல்ச்சிங் ஷீட் (பயிரைச் சுற்றி மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) வாங்கினேன். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு. கறுப்பு உள்பக்கம் இருக்கட்டும். திரைக்கு இருபுறமும் ஆறடிக்குக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். மண்டபச் சுவரின் பளபளப்பு பெயின்ட், படத்தின் வெளிச்சத்தையே திரைக்குத் திருப்பி அனுப்பும். வெளியேறும் வழியை மட்டும் எதைக் கொண்டும் மறைக்காதீர்கள்.

மே மாதம் இங்கே ஏழு மணிக்கு முன் இருட்டாகாது. டிசம்பரில் ஆறரைக்கே ஆரம்பிக்கலாம்.

முந்தின நாள் அதே நேரத்தில் போய், விளக்கணைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிவிட்டு, இருப்பதிலேயே இருட்டான படத்தைக் கடைசி வரிசையிலிருந்து பாருங்கள். ப்ரொஜெக்டரில் 'சினிமா' மோடு. 'டைனமிக்' பக்கமே போகாதீர்கள்.

4. ஒலியும் ஓட்டுவதும்

எல்லாப் படத்தின் சத்தத்தையும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் மைனஸ் 23 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ஒன்று காதைப் பிளக்கும், அடுத்தது முணுமுணுக்கும். சிலர் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஒட்டுவார்கள். எனக்குப் பிடிக்காது. நொடிக்கு 24, 25, 30 ஃப்ரேம் என்று எடுத்த படங்கள் கலந்தால் அசைவு வெட்டி வெட்டி வரும். தனித்தனியாக விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள். தொடக்கத்தில் கோப்பின் பெயர் திரையில் வருவதை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். எங்களுக்கு 'final_final_3' என்று வந்து மொத்தக் கூட்டமும் சிரித்தது.

5. கரன்ட்

கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்க ஆகும் சில நொடிகளில் ப்ரொஜெக்டர் அணைந்துவிடும். லேம்ப் மாடல் மறுபடி உயிர் பெற நிமிடங்கள் ஆகும். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், ப்ரொஜெக்டரே 300 வாட்டுக்கு மேல் இழுக்கலாம். 1 கேவிஏ எடுங்கள்.

பிற்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர், எல்லாம் மூடியும் கறுப்பு வெளுத்தே இருக்கிறது என்று எழுதினார். போனில் அரைமணி நேரம் தேடினோம். அவருடைய லேப்டாப் எச்டிஎம்ஐயில் 'லிமிடெட்' அளவில் அனுப்புகிறது, ப்ரொஜெக்டர் 'ஃபுல்' எதிர்பார்க்கிறது. 0 முதல் 255 வரையான ஒளி அளவில், லிமிடெட்டில் கறுப்பு என்பது 16, ஃபுல்லில் 0. அதனால் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிந்திருக்கிறது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் அமைப்பில் 'ஃபுல்' என்று மாற்றியதும் சரியானது.