டிரம்மரை ஸ்டேஜ்ல எங்க உக்கார வைக்கணும்? மூலைல தள்ளுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

பேண்ட் ஸ்டேஜ் ஏறும்போது மொதல்ல இறங்குறது டிரம்ஸ் தான், ஏன்னா பெருசு, ஒரு தடவ செட் பண்ணிட்டா நகத்துறது கஷ்டம். ஆனா அதுக்கு எடம் முடிவாகுறது மட்டும் கடைசில. பாடுறவருக்கு நடுவுல, கிட்டாருக்கு இந்தப் பக்கம், கீபோர்டுக்கு அந்தப் பக்கம்னு எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டு, மிச்சம் கெடக்குற பின் மூலைல டிரம் கிட்டை (மொத்த டிரம்ஸ் செட்டு) வச்சிடுவாங்க. ஷோ முடிஞ்சதும் யாராவது வந்து "ஆமா, டிரம்ஸ் வாசிச்சது யாரு?"ன்னு கேப்பாங்க. கேக்குறவங்கள தப்பு சொல்ல முடியாது, பாத்தாத்தானே தெரியும்.

ஸ்டேஜ்ல இருக்குறதுலயே சத்தமான வாத்தியம் அது தான், ஆனாலும் ஜனங்க டிரம்மர மதிக்கிறது காதால இல்ல, கண்ணால. கை என்ன பண்ணுதுன்னு தெரியாத வரைக்கும் அந்த பீட் அவங்களுக்கு ஃபேன் ஓடுற மாதிரி, அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு, நின்னா தான் கவனிப்பாங்க. அதனால இங்க நான் சொல்றது முக்கால்வாசி, டிரம்மர் கண்ணுல படுறதுக்கு என்ன பண்ணனும்னு தான்.

பின்னாடி உக்கார வைக்கிறதே அவமானம்னு நெனைக்காதீங்க. அதுக்கு காரணம் இருக்கு. சத்தம் ஜாஸ்தி, ஸ்னேரும் (கால் நடுவுல இருக்குற டிரம்) சிம்பலும் (உலோகத் தட்டு) பாடுறவரோட மைக்ல போய் விழும். ஆர்கெஸ்ட்ராலயும் டிம்பானி மாதிரி தட்டுற வாத்தியம் எல்லாம் கடைசி வரிசைல தான். பின்னாடியும் இருக்கு, தாழ்வாவும் இருக்கு, இருட்டாவும் இருக்கு, முன்னாடி நாலு பேர் நின்னு மறைச்சுக்கிட்டும் இருக்காங்கன்னா தான் பிரச்சனை. நாலுல ரெண்ட சரி பண்ணாலே போதும், ஆளு வெளிய தெரிஞ்சிடுவார்.

உயரம் என்ன பண்ணும்னு பாருங்க. 1930-கள்ல நியூயார்க் சவாய் பால்ரூம்ங்கிற டான்ஸ் ஹால்ல சிக் வெப் தான் பேண்ட் லீடர், அவரே டிரம்மர், ஆளு ரொம்ப குள்ளம், ஸ்டேஜ் நடுவுல உயரமா ஒரு மேடை போட்டு அதுல உக்காந்து மொத்த பேண்டையும் ஓட்டுவார். 1964 பிப்ரவரில பீட்டில்ஸ் அமெரிக்கா டிவில வந்தப்ப அவங்க டிரம்மர் ரிங்கோ ஸ்டார் மத்த மூணு பேர் தலைக்கு பின்னாடி உசரமான ரைசர்ல (டிரம்ஸுக்குன்னு ஸ்டேஜ் மேல போடுற குட்டி மேடை) உக்காந்திருப்பார், அதனால தான் பின்னாடி இருந்தாலும் அவர் முகம் எல்லாருக்கும் பதிஞ்சுது. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு வாஷிங்டன்ல நாலா பக்கமும் கூட்டம், ஸ்டேஜ் நடுவுல, அப்ப பாட்டு பாட்டுக்கு நடுவுல டிரம்ஸையே சுத்தித் திருப்ப வேண்டியதாச்சு, ரிங்கோவும் கூட சேந்து தள்ளினார்!

சரி வேலைக்கு வருவோம். கிட்டை இறக்குறதுக்கு முன்னாடி ஹாலோட கடைசி வரிசைல போய் ஒரு தடவ உக்காந்து பாருங்க, அப்புறம் மொத வரிசைல உக்காந்து பாருங்க, ரெண்டும் வேற வேற பிரச்சனை. உக்காந்திருக்குற டிரம்மரோட தலை தரைல இருந்து சுமாரா 4 அடி தான் இருக்கும், முன்னாடி நிக்கிறவர் அஞ்சரை அடி. ஒன்றரை அடி ரைசர் போட்டா ரெண்டு தலையும் சமமாகும், ரெண்டு அடி போட்டா மேல தெரியும். ரைசர் வழக்கமா 8க்கு 8 அடி வருது, சின்ன கிட்டுக்கு ஆறரைக்கு ஆறரை போதும். ஸ்டூலோட பின் கால் ரைசர் விளிம்ப ஒட்டி நிக்காம மட்டும் கட்டாயம் பாத்துக்கோங்க, பாட்டு சூடு பிடிக்கும்போது ஆளு தன்னை அறியாம பின்னாடி நகருவார். அதே மாதிரி சீலிங் தாழ்வா இருக்குற எடத்துல உசரமான ரைசர் போடாதீங்க, சிம்பல் சத்தம் மேல அடிச்சு திரும்பி வந்து எல்லார் காதையும் பதம் பாக்கும்.

ஆனா ரைசர் தூரத்துல இருக்குறவங்களுக்குத் தான் உதவும். மொத வரிசைக்காரங்க கீழ இருந்து அண்ணாந்து பாக்குறாங்க, அவங்களுக்கு முன்னாடி நிக்கிற பாடகரோட முதுகுக்கு பின்னாடி எத்தன அடி ஏத்தினாலும் தெரியாது. அவங்களுக்கு ஒரே வழி பக்கவாட்டுல நகத்துறது. பாடகரும் டிரம்மரும் ஒரே நேர்கோட்டுல இல்லாம ரெண்டு மூணு அடி தள்ளி வைங்க. இதுல இன்னொரு லாபமும் இருக்கு. பாடுற மைக் பெரும்பாலும் முன்பக்கத்து சத்தத்தத் தான் நல்லா பிடிக்கும், அந்த முன்பக்கம் பாடகர் வாய பாத்து இருக்கு, வாய்க்கு நேர் பின்னாடி யாரு? டிரம்மர்! அதாவது நாம வழக்கமா வைக்கிற எடம் தான் ஸ்னேர் சத்தம் மைக்ல விழறதுக்கு ரொம்ப வசதியான எடம். கொஞ்சம் விலகினா சவுண்ட் ஆளும் நிம்மதியா இருப்பார்.

சின்ன ஸ்டேஜா இருந்தா என்னோட ஓட்டு சைடுல வச்சு உள்பக்கமா திருப்புறதுக்குத் தான். எந்த சைடுன்னு யோசிக்காம வைக்காதீங்க. வலது கை டிரம்மர ஆடியன்ஸுக்கு வலது பக்கம் வச்சு ஸ்டேஜோட நடுவ பாத்து திருப்பினா ஹை-ஹேட்டும் (காலால மூடித் திறக்குற ஜோடி சிம்பல்) ஸ்னேரும் ஜனங்க பக்கம் வரும், குச்சி துள்ளுறது, இடது கை மெல்லமா தட்டுற சின்ன சின்ன தட்டு, ஹை-ஹேட் பெடல்ல குதிகால் ஏறி இறங்குறது எல்லாம் தெரியும். அதே ஆள இடது பக்கம் வச்சா ஃப்ளோர் டாமும் (தரைல நிக்கிற பெரிய டிரம்) ரைடும் (பெரிய சிம்பல்) சுவர் மாதிரி முன்னாடி வந்து நின்னுக்கும். ஜாஸ் ட்ரியோல பியானோ ஒரு ஓரம், டிரம்ஸ் எதிர் ஓரம், நடுவுல பேஸ்னு உக்காருறதும் இதே கணக்கு தான், ஒருத்தர் முகம் ஒருத்தருக்கு தெரியும். டிரம்மர் பக்கத்துலயும் யோசிச்சுப் பாருங்க, பின்னாடி நடுவுல உக்காந்தா அவர் ராத்திரி முழுக்க பாக்குறது பாடகரோட முதுகு தான், பாட்ட எப்ப முடிக்கிறாங்கன்னு தோள் அசையுறத வச்சு கண்டுபிடிக்கணும்.

பேஸ் வாசிக்கிறவர ஹை-ஹேட் பக்கம் நிக்க வைங்க, கிக் டிரம்ம மிதிக்கிற காலும் தெரியும், ஹை-ஹேட்டும் கேக்கும். பெரிய ஸ்டேஜ் கெடச்சிடுச்சேன்னு ஆளாளுக்கு தூரமா போய் நிக்காதீங்க, சத்தம் ஒரு மீட்டர் போக 3 மில்லிசெகண்ட் ஆகுது, 10 மீட்டர்னா 30, மானிட்டர் (வாசிக்கிறவங்களுக்குன்னு ஸ்டேஜ்ல வைக்கிற ஸ்பீக்கர்) சரியா இல்லேன்னா அந்த இடைவெளிலயே டைமிங் இழுக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது கிட் செட்டப். நெறைய டிரம்மருங்க தன்ன தானே மறைச்சுக்கிறாங்க. க்ராஷ் சிம்பல் ரெண்டும் முகத்துக்கு நேரா, டாம் டிரம் எல்லாம் நிமிந்து, அதுக்கும் முன்னாடி ஒரு நோட்ஸ் ஸ்டாண்ட், அதுல ஒரு டேப்லெட். நோட்ஸ் ஸ்டாண்ட ஹை-ஹேட்டுக்கு அந்தப் பக்கம் தாழ்வா கொண்டு போங்க. டாமை கொஞ்சம் படுக்க வைங்க. க்ராஷ தாடைக்கு கீழ இறக்குங்க இல்லேன்னா ஒரேடியா தலைக்கு மேல ஏத்துங்க. செட் ஆனதும் முன்னாடி இருந்து ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, ரெண்டு கண்ணும் ஒரு கையாவது தெரியணும்.

லைட்ட மறக்காதீங்க. பின்னாடி இருந்து மட்டும் கலர் லைட் அடிச்சா சிம்பல் பளபளன்னு இருக்கும், ஆளு கருப்பு நிழல். முன் பக்கத்துல இருந்து சாய்வா ஒரே ஒரு சாதா லைட் கேட்டு வாங்குங்க. அக்ரிலிக் தடுப்பு போட்டா சத்தம் மத்த மைக்ல விழறது குறையும், உண்மை தான், ஆனா லைட் அதுல பட்டு உள்ள இருக்குறவர் தெரியவே மாட்டார், அவருக்கும் தன் சத்தமே திரும்பி காதுல அறையும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சின்ன ஹால்னா மொதல்ல மெல்லிசான குச்சி, ப்ரஷ், ராட்ஸ் (மெல்லிசு குச்சிகள கட்டா கட்டினது) இதெல்லாம் ட்ரை பண்ணுங்க, அதுக்கும் அடங்கலேன்னா அப்புறம் தடுப்பு.

முன்னாடியே உக்கார வச்சா என்ன? தாராளமா வைக்கலாம். 2014-ல கிங் கிரிம்சன்ங்கிற ராக் பேண்ட் மூணு டிரம்மர முன் வரிசைல வரிசையா உக்கார வச்சு மத்தவங்கள பின்னாடி மேடைல ஏத்திட்டாங்க, யார் எந்த தாளத்த வாசிக்கிறாங்கன்னு ஜனங்க கண்ணாலயே பிரிச்சுப் பாக்க முடிஞ்சுது. பட்டி ரிச் மாதிரி டிரம்மரே லீடர்னா முன்னாடி உக்காருறது நியாயம். ஆனா டிரம்ஸ் சும்மா துணைக்கு மட்டும் வாசிக்கிற மெதுவான பாட்டுகளா இருந்தா முன்னாடி வைக்காதீங்க, மொத வரிசைக்கு பாட்டே கேக்காது.

பாடிக்கிட்டே வாசிக்கிறவங்க கதை தனி. கார்பென்டர்ஸ் பேண்ட் பாடகி கேரன் கார்பென்டர் தன்ன டிரம்மர்னு தான் சொல்லிப்பாங்க, ஆனா கிட்டுக்கு பின்னாடி முகம் தெரியலன்னு கடைசில அவங்கள முன்னாடி கொண்டு வந்து நிக்க வச்சு பாட வச்சாங்க, வாசிப்ப இன்னொருத்தர் கிட்ட குடுத்தாங்க. நல்ல டிரம்மர ஸ்டேஜ் பாதி இழந்துச்சுன்னு தான் நான் சொல்லுவேன். உங்க பேண்ட்ல அப்படி யாராவது இருந்தா கிட்டை சைடுக்கு கொண்டு வாங்க, மைக் பூம (மைக் ஸ்டாண்டோட நீளமான கை) ஹை-ஹேட் பக்கத்துல இருந்து நீட்டுங்க, முகம் திறந்து இருக்கும்.

அறிமுகம் பண்றதுலயும் ஒரு விஷயம். கடைசில எல்லார் பேரும் சொல்லி, கைதட்டு ஓஞ்ச அப்புறம் "அப்புறம் டிரம்ஸ்ல..."ன்னு இழுக்காதீங்க. டிரம்ஸ் நல்லா தெரியுற ஒரு பாட்டு முடிஞ்ச கையோட பேர சொல்லுங்க, அப்ப தான் ஜனங்க பேரையும் கேட்ட சத்தத்தையும் சேத்துப்பாங்க. சோலோ குடுத்தா மத்தவங்க நடுவுல நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காம ஓரமா ஒதுங்குங்க. டிரம்மரும் தன் பங்குக்கு, பாடகர் பேசும்போது ஸ்னேர திருகி டக்கு டக்குன்னு தட்டிப் பாக்கக்கூடாது, பாட்டுக்கு நடுவுல எப்பயாவது தலைய தூக்கி ஜனங்கள பாக்கணும்.

ஷோ முடிஞ்சதும் மத்தவங்க கிட்டார பையில போட்டு அஞ்சு நிமிஷத்துல கீழ இறங்கி பாராட்டு வாங்கிட்டிருப்பாங்க, டிரம்மர் மட்டும் அரை மணி நேரம் முதுக காட்டிக்கிட்டு ஸ்டாண்ட் நட்டு கழட்டிட்டு இருப்பார். உங்களுக்கு அப்புறம் இன்னொரு பேண்ட் ஏறுதுன்னா வேற வழியில்ல, ஆளுக்கு ஒரு ஸ்டாண்ட தூக்கி சீக்கிரம் முடிங்க. நீங்க தான் கடைசி பேண்ட்னா கிட்டை அப்படியே விட்டுட்டு மொதல்ல அவரையும் கூட்டிட்டு கீழ இறங்குங்க, பேக்கிங் பத்து நிமிஷம் கழிச்சு பாத்துக்கலாம்.