பழைய பஸ் அணிவகுப்புக்குப் போகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பழைய பஸ்கள் அணிவகுத்து வந்தால் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இந்தக் கரையில் ஒரு பஸ்ஸை ஓட்டம் தின்பதைவிட உப்புத்தான் சீக்கிரம் தின்னும். அதைக் காப்பாற்றி வைத்திருப்பவரின் உழைப்பு தெரிவது அடியில்தான்.

1. விடியும்போதே போய்விடுங்கள். முதல் ஸ்டார்ட்டைப் பார்க்காமல் டீசல் எஞ்சினை எடைபோட முடியாது. டார்ச், துண்டு, குடிதண்ணீர் போதும். கேட்டுவிட்டே தொடுங்கள்.

2. தகட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரிவெட் வரிசையில் தொடங்குங்கள். ஜன்னலுக்குக் கீழே வெளியில் அலுமினியத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் இரண்டும் சேர்ந்து பாட்டரி போல வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளை மாவு படிந்திருந்தாலோ, பெயிண்ட் கொப்பளித்திருந்தாலோ அரிப்பு உள்ளே இறங்கிவிட்டது. லேசாக அழுத்தினால் தகடு மொறுமொறுக்கும். அடுத்து பின்சக்கர வளைவு, படிக்கட்டின் அடித்தகடு: ஈர மணல் தங்கும் இடங்கள், டார்ச் அடித்தே பாருங்கள்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "அண்ணே, எந்தத் தண்ணியில கழுவுறீங்க?" கரையோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. நல்ல தண்ணீர் கொண்டுவந்து அடியை அலசுகிறவருடைய வண்டி நிலைக்கும்.

3. ஸ்டார்ட். பழைய டாடா-பென்ஸ் எஞ்சினில், சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் சிவக்கும்வரை பொறுக்க வேண்டும். லேலண்ட் அது இல்லாமலே பிடிக்கும். முதலில் வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல், சூடானதும் நிற்க வேண்டும். நீலப் புகை நிற்காவிட்டால் ஆயில் எரிகிறது.

4. ஏர் பிரேக் வண்டியானால் காற்றழுத்த மீட்டரின் முள் 5 கிலோ தாண்டாமல் நகர்த்தக் கூடாது. எஞ்சினை நிறுத்தியதும் முள் கண்முன்னே இறங்கினால் எங்கோ கசிவு. காற்று டேங்கைத் திறந்துவிடும்போது தண்ணீரோடு ஆயிலும் வந்தால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்திருக்கிறது.

5. பாம்பன் பாலம். 1988இல் திறந்த இந்தச் சாலைப் பாலம் 2 கி.மீ.க்கு மேல் நீளம், நடுவில் மேடு. உங்கள் வண்டியைப் பாலத்தில் நிறுத்தாமல், ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு முன்பே சாலையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். ஏற்றத்தில் பழைய பஸ் டிரைவர் கியரைக் குறைக்கக் கிளச்சை இரண்டு முறை மிதிப்பார். இடையில் ஆக்சிலேட்டரில் ஒரு சின்ன அழுத்தம். வேகம் பொருந்தினால் கியர் சத்தமில்லாமல் விழும். பொருந்தாவிட்டால் 'கர்ர்' என்ற சத்தம் உங்கள் காதுவரை வரும்.