கல்யாணத்துக்கு போட்டோகிராஃபர் பிடிப்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

தேதி குறித்து, மண்டபம் பேசி, சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அடிக்கப் போகும்போதுதான் நம் பக்கத்தில் பல வீடுகளில் போட்டோகிராஃபர் ஞாபகமே வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்தங்களில் எல்லாமே ஒன்றாக வந்து விழும், அந்த நாட்களில் நல்ல ஆட்கள் முன்கூட்டியே புக் ஆகிவிடுவார்கள். மண்டபம் உறுதியான அன்றே போன் போட்டுவிடுங்கள்.

இன்ஸ்டாவில் ரீல்ஸ் பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள். ஸ்டூடியோவுக்கு நேரில் போய், ஏதாவது ஒரே ஒரு கல்யாணத்தின் முழு போல்டரை, முதல் நாள் ரிசப்ஷனிலிருந்து மறுநாள் பந்தி வரைக்கும், காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த வீட்டில் அனுமதி கேட்டுக் காட்டட்டும், இரண்டு நாள் பொறுக்கலாம். காட்டவே மாட்டேன் என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

போல்டரைத் திறந்ததும் நேராகத் தாலி கட்டும் நேரத்துக்குப் போங்கள். கெட்டி மேளம் கேட்டதும் மேடையில் இருக்கும் சொந்தமெல்லாம் அட்சதையோடு முன்னால் வந்துவிடும், சித்தப்பா ஒருவர் செல்போனை நீட்டுவார், நாத்தனார் முடிச்சுப் போட பின்னால் குனிவார், வீடியோக்காரர் லைட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். இத்தனைக்கும் நடுவில் மாப்பிள்ளையின் கையும் பெண்ணின் முகமும் ஒரே படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறதா, இல்லை யாரோ ஒருவரின் முழங்கைதான் தெரிகிறதா? பெண் மேடைக்கு வரும்போது ஸ்லோமோஷனில் அழகாக எடுக்க யாராலும் முடியும். இந்த ஒரு நிமிடத்தில்தான் ஆளின் கைத்திறமை தெரியும். அப்புறம் பந்திப் படங்களையும், தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருக்கும் படங்களையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே அசட்டையாக இருந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதே கதிதான்.

வெளிச்சம் பெரிய விஷயம். கிராமத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் என்றால், பகல் வெயில் சிவப்புத் துணி வழியாக இறங்கி எல்லார் முகத்தையும் ஆரஞ்சாக்கிவிடும். மண்டப ரிசப்ஷனில் டெக்கரேஷன்காரர் போடும் ஊதா, பிங்க் பார் லைட் இன்னொரு தொல்லை. பின்னால் எல்இடி வால் (பெரிய வீடியோ திரை) வைத்தால் படத்தில் கோடு கோடாக விழும், ஷட்டர் வேகத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தவருக்கு அது விழாது. உங்கள் கல்யாணம் எங்கே நடக்கிறதோ அதே மாதிரி இடத்தில் அவர் எடுத்த படத்தைக் கேளுங்கள். வெள்ளை மண்டபத்தில் எடுத்த படத்தைக் காட்டித் துணிப்பந்தலுக்கு ஆர்டர் வாங்குவதை ஏற்காதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மாநிறப் பெண்ணை மைதா மாவு மாதிரி வெளுப்பாக்கி அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. பெண்ணின் நிறத்தில் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. மண்டபத்துக்கு யார் வரப்போகிறார்கள்? பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோ மூன்று, நான்கு ஆர்டர் எடுத்திருக்கும். ஓனர் ஒன்றுக்குப் போவார், மற்றதற்கெல்லாம் தினக்கூலிக்கு வெளியாட்களை அனுப்புவார். அதில் தப்பில்லை, அந்த வெளியாட்களிலும் கெட்டிக்காரர்கள் உண்டு, ஆனால் நீங்கள் பார்த்துப் பிடித்துப்போன படத்தை எடுத்தவர் வேறு, வந்து நிற்பவர் வேறு என்றால் ஆல்பம் பார்த்ததற்கே அர்த்தமில்லை. கேண்டிட் (போஸ் கொடுக்காத இயல்பான படம்) எடுப்பவர் யார், டிரடிஷனல் (சடங்கும் குரூப் போட்டோவும்) எடுப்பவர் யார், வீடியோ யார் என்று பெயரோடு கேட்டு, அவர்கள் எடுத்ததையே பாருங்கள்.

பெங்களூரு டீமைக் கூப்பிடலாமா என்று ஓசூர்ப் பக்கம் அடிக்கடி கேட்பார்கள். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான், தாராளமாகக் கூப்பிடலாம், அத்திப்பள்ளியில் நெரிசலில் மாட்டாமல் முதல் நாளே வந்து தங்கினால். நாலரை ஆறு முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் கிளம்பி வருகிறேன் என்பவரை நம்பி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டாம். ரூம் வாடகை யார் தலையில் என்பதையும் அப்போதே பேசுங்கள். அதைவிட, உங்கள் வீட்டுச் சடங்கு அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் கலந்திருக்கின்றன. பல தெலுங்குக் குடும்பங்களில் சீரகமும் வெல்லமும் அரைத்து ஒருவர் தலையில் ஒருவர் வைப்பதுதான் முகூர்த்த நேரமே, தாலி அதற்குப் பிறகு. இது தெரியாதவர் அந்த நேரத்தில் வெளியே பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார். உள்ளூர்க்காரரிடம் இந்தக் கவலை குறைவு. என்னைக் கேட்டால் டிரடிஷனலுக்கு உள்ளூர், ஆசையும் காசும் இருந்தால் கேண்டிடுக்கு மட்டும் வெளியூர். ஆனால் இரண்டு டீமும் மேடையில் முட்டிக்கொள்ளாமல் இருக்க முன்பே ஒரு முறை போனில் பேச வைத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் எடுக்கும் அவுட்டோர் ஷூட் என்றாலே ஒகேனக்கல்தான் எல்லார் வாயிலும் வரும். ஆவணியில் கல்யாணம் வைத்துக்கொண்டு ஆடியில் அங்கே ஷூட் போடுவதில் ஒரு சிக்கல்: கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிடும் மாதம் அதுதான், நீர்வரத்து ஏறியதும் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். மாற்றுத் தேதிக்கு போட்டோகிராஃபர் தனியாகக் காசு கேட்பாரா என்று முன்பே கேளுங்கள். கோயிலில் கல்யாணம் என்றால் கேமராவுக்கு அனுமதி உண்டா என்று கோயில் அலுவலகத்தில் நீங்களே கேட்டு வாருங்கள். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதிலிருந்து பல இடங்களில் கெடுபிடி அதிகம். ட்ரோன் வேண்டுமென்றால், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலாகப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும், அந்த இடம் பறக்க அனுமதி உள்ள மண்டலமா என்று மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தள வரைபடத்தில் பார்க்கவும் வேண்டும். இதைக் கேட்டதும் முழிப்பவரிடம் ட்ரோனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேக்கேஜ் விலையை விட அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆல்பம் 12க்கு 36 ஷீட் என்றால் விரித்து வைத்த அகலம் 36 அங்குலம், ஒரு ஷீட்டுக்கு இரண்டு பக்கம். 40 ஷீட்டில் நான்கைந்து படம் வீதம் போட்டால் இருநூறுக்குள்தான் அடங்கும். சொந்தக்காரர்கள் குரூப் போட்டோவே அதில் பாதியைத் தின்றுவிடும், ஆகவே கூடுதல் ஷீட்டுக்கு என்ன விலை என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். பெண் வீட்டுக்குத் தனி ஆல்பமா, ஒன்றுதானா என்பதையும். ஆல்பம் தாமதமாவதற்குப் பாதி நேரம் காரணம் நாம்தான், படம் செலக்ட் பண்ண உட்காராமலே குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள் வந்துவிட்ட வீடுகள் உண்டு.

கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடும் ஸ்லாட் உண்டா, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகுமா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. கார்டு போனால் கல்யாணமே போனது. ஹார்ட் டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்து மொத்தப் படத்தையும் வாங்கி வையுங்கள், அவர்கள் தங்கள் பிரதியை எப்போது அழிப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி வரை இருப்பார்கள், ஆல்பம் எப்போது, மீதிப் பணம் எப்போது. யூடியூப் லைவ் உண்டு என்றால் மண்டபத்து நெட்டா, அவர்கள் நெட்டா என்பதும் அதில் வரட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் உரிமையாளர். ஸ்டூடியோ கொடுக்கும் தாளில் அந்த உரிமையை அவர்கள் பக்கம் திருப்பும் வரி இருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பெண்ணின் படம் அவர்களுடைய விளம்பரத்தில் வருவது பிடிக்காது என்றால் அதையும் அதே தாளில் எழுதுங்கள். மொத்தப் பணத்தையும் கல்யாணத்தன்றே கொடுத்துவிடாமல் ஆல்பம் கைக்கு வரும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள்.

கல்யாணத்தன்று யாராவது ஒரு தம்பியையோ சித்தியையோ போட்டோகிராஃபர் பக்கத்தில் நிறுத்துங்கள். தாய்மாமன் யார், ஊர்ப் பெரியவர் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மேடையில் வரிசை குறையும் நேரம் பார்த்து டீமை இரண்டு இரண்டு பேராகச் சாப்பிட அனுப்பும் பொறுப்பையும் அந்த ஆளிடமே கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மணிக்குக் காலிப் பாத்திரம்தான் அவர்களுக்கு மிஞ்சும்.