கணையத்தில் நீர்க்கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது, என்ன செய்வது

எண்டோஸ்கோப்பி அறையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கணையத்தில் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட்டும் கையுமாக வருகிறவர்கள் எல்லோரும் விரல் வைத்துக் காட்டுவது எத்தனை சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும் இடத்தைத்தான். நான் முதலில் கேட்பது வேறு: வலி எந்தத் தேதியில் ஆரம்பித்தது?

இந்த விஷயத்தில் பாதி முடிவு தேதியைப் பார்த்துத்தான். கணைய அழற்சி, அதாவது பாங்கிரியாடைட்டிஸ் வந்தால் கணையத்தின் செரிமானச் சாறு கசிந்து சுற்றிலும் தேங்கலாம். முதல் 4 வாரத்தில் அது வெறும் தேக்கம்தான். சரியான சுவர் இருக்காது, பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். வற்றாமல் நின்றுவிட்டால் உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு சுவர் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அது சூடோசிஸ்ட், போலி நீர்க்கட்டி. முன்பு கணையக் கோளாறே இல்லாதவருக்கு, வலி வந்து பத்து நாளில் எடுத்த ஸ்கேனில் சூடோசிஸ்ட் என்று எழுதியிருந்தால் அவசரப்பட்டு எழுதிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கணைய அழற்சியை டாக்டர்கள் வகை பிரிக்கும் முறையான, 2012-ல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு இந்த 4 வாரக் கோட்டைத் தெளிவாகவே போட்டு வைத்திருக்கிறது.

அடுத்த கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது. சூடோசிஸ்ட் என்றால் உள்ளே திரவம் மட்டும்தான். கணையத்தின் ஒரு பகுதி அழுகி அந்தத் திசுவும் சேர்ந்து கிடந்தால் அது வேறு நோய், வேறு சிகிச்சை. சிடி ஸ்கேனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். எம்ஆர்ஐயிலோ, எண்டோஸ்கோப்பி முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திப் பார்க்கும் இயூஎஸ் பரிசோதனையிலோதான் வித்தியாசம் பிடிபடும். திரவம் மட்டும் இருந்தால் இயூஎஸ் திரையில் சுத்தமான கறுப்பு. திசு இருந்தால் அந்தக் கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக மிதக்கும். "உள்ளே திரவம் மட்டும்தானா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

இன்னொன்று. கணைய அழற்சி வந்ததே இல்லை, வயிற்றில் அடிபட்டதும் இல்லை, வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கட்டி தெரிந்தது என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளும் கணையத்தில் வரும், பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். அப்போது ஊசியால் கொஞ்சம் திரவம் எடுத்துச் சோதிப்பார்கள். சூடோசிஸ்ட் என்றால் கணையச் சாற்றில் இருக்கும் அமைலேஸ் என்சைம் மிக அதிகமாகவும், சில கட்டிகளில் கூடும் சிஇஏ என்ற புரதம் குறைவாகவும் இருக்கும். அது என்ன கட்டி என்று தெரியாமல் வடிகால், அதாவது திரவம் வெளியேற வழி, வைக்கக் கூடாது.

சரி, சூடோசிஸ்ட்தான் என்று உறுதியாகிவிட்டது. தொந்தரவு இல்லை, வளரவும் இல்லை என்றால்? காத்திருக்கலாம். 6 சென்டிமீட்டர் தாண்டினால், 6 வாரம் கடந்தால் எடுத்துவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. இன்று அளவை மட்டும் வைத்து யாரும் கை வைப்பதில்லை. டாக்டர் சொன்ன இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். கிருமித் தொற்று இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, கேட்டு வாங்காதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் செய்ய வேண்டியவை: மதுவும் புகையும் அடியோடு நிற்க வேண்டும், இதில் கொஞ்சம் என்ற பேச்சே கிடையாது. கொழுப்பைக் குறைத்து, அளவைக் குறைத்து, அடிக்கடி சாப்பிடுங்கள். பட்டினி கிடப்பதால் கட்டி வற்றாது, உடம்புதான் வற்றும். மலம் எண்ணெய்ப் பசையோடு வெளிறி மிதந்தால் சொல்லுங்கள். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க என்சைம் மாத்திரை தருவார்கள். சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பித்தப்பைக் கல்லா, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பா, எதனால் வந்தது என்று கண்டுபிடித்து அதற்கும் வைத்தியம் பார்க்காவிட்டால் அழற்சி திரும்ப வரும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். "கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறது" என்பதைவிட அந்தத் தாள் டாக்டருக்கு அதிகம் உதவும்.

வலி விடவே இல்லை, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, சாப்பிட்டது மணிக்கணக்கு கழித்து அப்படியே வாந்தியாகிறது, கண் மஞ்சளாகிறது, கட்டி வளர்ந்துகொண்டே போகிறது: இதில் எது இருந்தாலும் வடிகால் வைப்பது பற்றிப் பேச வேண்டிய நேரம். குளிர் காய்ச்சல், ரத்த வாந்தி, கறுப்பு மலம், திடீரென்று தாங்க முடியாத வலி, தலைசுற்றல் என்றால் பேசவெல்லாம் நேரமில்லை, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கட்டி பக்கத்து ரத்தக் குழாயை, பெரும்பாலும் மண்ணீரல் தமனியை, அரித்துப் புடைக்க வைத்துவிடலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வடிகாலுக்கு முன் மருந்து செலுத்தி சிடி எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான். புடைப்பு தெரிந்தால் முதலில் ரத்தக் குழாய் வழியாகப் போய் அதை அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

எங்கள் அறையில் நடப்பது இதுதான். வாய் வழியாக இயூஎஸ் குழாய் இரைப்பைக்குள் போகும். இரைப்பைச் சுவருக்கும் கட்டிக்கும் இடையே 1 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், வழியில் ரத்தக் குழாய் இருக்கக் கூடாது. இடம் பார்த்துத் துளைத்து, வழி மூடாமல் வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்ததும் பழுப்புத் திரவம் இரைப்பைக்குள் குபுகுபுவென்று பாயும். நான் உறிஞ்சு குழாயோடு தயாராக நிற்பேன். அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கட்டி சிறியதாக, கணைய நாளத்தோடு தொடர்பில் இருந்தால் ஈஆர்சிபி, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப்பியை விட்டுக் கணைய நாளத்தை எட்டும் முறை மூலம் நாளத்துக்குள்ளேயே ஸ்டென்ட் வைப்பதும் உண்டு. தோல் வழியாகக் குழாய் போட்டால் அந்த வழியே சாறு ஒழுகுவது நிற்காமல் போகலாம் என்பதால், வேறு வழி இல்லாத இடத்தில்தான் போடுவார்கள். அறுவை சிகிச்சை மோசம் என்றில்லை. 2013-ல் 40 பேரை வைத்து அறுவை சிகிச்சையையும் எண்டோஸ்கோப்பி வடிகாலையும் ஒப்பிட்டபோது பலன் சமமாகத்தான் இருந்தது. எண்டோஸ்கோப்பி செய்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், செலவும் குறைவு.

வடிகால் வைத்தபின் பலரும் மறப்பது ஸ்டென்ட்டை. அகலமான உலோக ஸ்டென்ட் என்றால் பொதுவாக 3, 4 வாரத்தில் எடுத்தாக வேண்டும். கட்டி சுருங்கிய பிறகும் உள்ளே கிடந்தால் ரத்தக் குழாயில் உரசி ரத்தக்கசிவு வரலாம், சுவருக்குள்ளும் புதையலாம். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை இன்னும் அதிக நாள் விடலாம். கணைய நாளம் அறுந்திருந்தால் வேண்டுமென்றே நீண்ட காலம் விட்டுவைப்பார்கள். வலி போய் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் ஆள் வருவதில்லை. எந்த வகை, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு முன் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் உடனே போன் செய்யுங்கள். ஸ்டென்ட் அடைத்திருக்கலாம்.